சேனா படைப்புழு: சோளக் குருத்துக்குள் ஒளிந்திருக்கும் எதிரி

2018/2019 பெரும்போகத்தில் இலங்கையின் சோளச் செய்கையைத் தாக்கிய 'சேனா', ஓர் அந்துப்பூச்சியின் புழுப் பருவமாகும். அம்பாறை, அநுராதபுரம், மொனராகலை மாவட்டங்களில் பெரும் சேதத்தை விளைவித்த இது வடக்கு, கிழக்கிலும் பரவியது. மீள்குடியேறி, பற்றை மண்டிய காணியைத் துப்புரவாக்கி, கடன்பட்டு விதைத்த குடும்பத்துக்கு ஒரு போகம் பொய்ப்பது சிறிய இழப்பல்ல. கோழித்தீனுக்கும் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் திரிபோஷாவுக்கும் சோளமே மூலப்பொருள் என்பதால், பாதிப்பு தோட்டத்தோடு நிற்பதுமில்லை.

பரவல்

ஸ்பொடொப்டெரா புருகிபெர்டா என்பது இதன் விஞ்ஞானப் பெயர். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பவலயப் பகுதிகளே இதன் பூர்வீகம். 2016இல் மேற்கு ஆபிரிக்காவிலும், 2018 மே மாதத்தில் இந்தியாவின் கர்நாடகாவிலும், அதே ஆண்டில் இலங்கையிலும் கண்டறியப்பட்டது. தாய்ப்பூச்சி ஓரிரவில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் பறக்கக்கூடியது.

தோற்றம்

விரித்த சிறகின் அகலம் 3 முதல் 4 சென்ரிமீற்றர். ஆணின் சாம்பல், கபில நிற முன்சிறகு நுனியில் வெண்திட்டு இருக்கும். பெண்ணின் சிறகு மங்கலானது. இரண்டுக்கும் பின்சிறகு வெள்ளி வெண்மை.

புழுவை இனங்காண இரு அடையாளங்கள் போதும். ஒன்று, தலையில் தலைகீழான ஆங்கில 'வை' எழுத்து போன்ற வெளிர்நிறக் கோடு. மற்றையது, வால்பகுதிக்குச் சற்று முன்னே சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகள்.

உணவுப் பயிர்கள்

சோளமே முதன்மை உணவு. இறுங்கு, குரக்கன், கரும்பு, கச்சான், சோயா, பருத்தி, புல்வகைகள் என 80க்கும் மேற்பட்ட தாவரங்களை உண்ணும். நெல்லும் இதில் அடங்கும். எனினும் ஆசியாவில் பெரும் அழிவைக் கண்டது சோளமே.

வாழ்க்கை வட்டம்

பெண்பூச்சி இரவில் 100 முதல் 200 வரையான முட்டைகளைக் குவியலாக இட்டு, உடற் செதில்களால் மூடிவிடும். சில நாட்களில் புழுக்கள் வெளிவரும். இரண்டு, மூன்று வாரங்கள் தின்று வளர்ந்தபின் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். வெப்பமான காலநிலையில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வட்டம் முடிந்து அடுத்த தலைமுறை தொடங்கும்.

கவனிக்க வேண்டியவை

இளம்புழு இலையின் பச்சையத்தைச் சுரண்டுவதால் இலையில் கண்ணாடி போன்ற திட்டுகள் தோன்றும். வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கும். மரத்தூள் போன்ற எச்சம் அங்கே தென்படும்.

முளைத்ததிலிருந்து வாரம் இருமுறை பயிரைப் பார்ப்பது நல்லது. முட்டைக் குவியலைக் கையால் நசுக்கி அழிக்கலாம். ஆழ உழுதால் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டுப் பறவைகளுக்கு இரையாகும். ஒட்டுண்ணிக் குளவிகளும் எறும்புகளும் இதன் இயற்கை எதிரிகள். கண்டபடி நாசினி தெளித்தால் முதலில் அழிவது அவைதான்.

நாசினி தேவைப்படின், விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடன், புழு சிறிதாக இருக்கும்போது, மாலை அல்லது அதிகாலையில் முகக்கவசம், கையுறை அணிந்து தெளிக்க வேண்டும். புழு வளர்ந்து குருத்துக்குள் இறங்கியபின் கடனுக்கு வாங்கித் தெளிக்கும் மருந்து பெரும்பாலும் வீண்செலவே.