யூட்டாவின் மார்மன் குடியேற்றப் பெண்கள்

1847 ஜூலையில் மார்மன் என்னும் மதப்பிரிவைச் சேர்ந்த குடியேறிகளின் முதல் குழு சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தது. கடைகண்ணி இல்லாத அந்த வறண்ட நிலத்தில் வீட்டுத் தேவைகள் பலவும் பெண்களின் கைகளிலேயே உருவாயின. அடுப்புச் சாம்பலில் நீரூற்றி வடித்த காரநீரைக் கொழுப்போடு சேர்த்து, கொப்பரையில் கெட்டியாகும்வரை கிளறிக் கிளறிச் சோப்புக் காய்ச்சினார்கள். தானியம் தீர்ந்த நாட்களில் செகோ லில்லிக் கிழங்கைத் தோண்டி உண்டார்கள். கணவர் மதப்பணிக்காக ஆண்டுக்கணக்கில் வெளியூர் சென்றால் வயலும் வாய்க்காலும் அவர்கள் பொறுப்பாயின. மருத்துவச்சி பேட்டி செஷன்ஸ் ஏறத்தாழ 4,000 பிரசவங்கள் பார்த்தவர். அவரது நாட்குறிப்பு அந்த உழைப்புக்கு அரிய சாட்சி. 1870இல் யூட்டா பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். 1887இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைப் பறித்தது; 1896இல் யூட்டா மாநிலமானபோதே அது திரும்பக் கிடைத்தது.