வாரிசுக் கடிதம் பிறந்த கதை

மணப்பாட்டில் ‘பெர்னாண்டோ’ என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 1530களில் போர்த்துகீசியரிடம் ஞானஸ்நானம் பெற்ற முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்குப் போர்த்துகீசியப் பெயர்களே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. கொழும்பில் வியாபாரம் பார்த்தவர்கள், கப்பலுக்குப் போனவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள் என்று கடல் தாண்டிய உறவும் இந்தக் கரையில் ஏராளம். வாரிசு மோசடி மின்னஞ்சலுக்கு இதைவிட வாகான ஊர் கிடைக்காது.

அந்த மின்னஞ்சல் இப்படித்தான் வரும். லண்டன் வக்கீல் ஒருவர் எழுதுகிறார். அவருடைய கட்சிக்காரர் பெர்னாண்டோ விபத்தில் குடும்பத்தோடு இறந்துவிட்டார். வங்கியில் ஒரு கோடியே இருபது லட்சம் டாலர் கேட்பாரற்றுக் கிடக்கிறது. உங்கள் குடும்பப் பெயரும் அதுவாக இருப்பதால் உங்களையே வாரிசாகக் காட்டிவிடலாம். வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம். சில்வா என்பவருக்குப் போகும் மடலில் செத்தவர் பெயர் சில்வா. மற்றபடி எழுத்து மாறாது.

இந்தக் கடிதம் கணினியில் பிறந்ததல்ல. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துச் சிறைக்கூடங்களில் பிறந்தது. கைதியாக இருந்து பிறகு பாரீஸ் துப்பறியும் படையின் தலைவரான வித்தோக் இதை எழுதி வைத்திருக்கிறார். புரட்சிக்குப் பயந்து ஓடிய பிரபுவின் வேலைக்காரன் என்று சொல்லிக்கொண்டு ஒரு கைதி வெளியூர்ப் பணக்காரருக்குக் கடிதம் போடுவான். தங்கமும் வைரமும் நிறைந்த பேழையைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஓடினோம், எடுக்கத் திரும்பி வந்த இடத்தில் பிடிபட்டேன், வெளியே வரக் கொஞ்சம் பணம் வேண்டும், கிடைத்ததில் உங்களுக்கும் பங்கு. நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வந்ததாம்!

பிறகு கடிதக் கதையில் அந்தக் கைதி ஸ்பெயின் சிறைக்கு மாறினான். ‘ஸ்பானியக் கைதி’ என்ற பெயரில் அமெரிக்காவரை போன இந்தக் கடிதத்தைப் பழைய மோசடி திரும்பி வந்துவிட்டது என்று 1898இலேயே நியூயார்க் டைம்ஸ் எச்சரித்தது. 1980களில் எண்ணெய் விலை சரிந்து நைஜீரியாவில் படித்தவர்கள் வேலையில்லாமல் தவித்த நாளில் அது அங்கே போய்ச் சேர்ந்தது. முதலில் தபால், அப்புறம் பேக்ஸ். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் மோசடிப் பிரிவு எண்ணான 419 அதற்குப் பெயராகிவிட்டது. 1990களில் மின்னஞ்சல் பரவியதும் தபால்தலைச் செலவும் நின்றது. இன்று இதை அனுப்புகிறவர்கள் எந்த நாட்டிலும் இருக்கலாம்.

வாரிசுக் கதைக்குச் செத்துப்போன பணக்காரர் தேவை. அதற்கு உண்மையான விபத்துகளையே எடுத்துக்கொண்டார்கள். 2000 ஜூலை 25 அன்று பாரீஸ் அருகே கான்கார்டு விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியின் இணைப்போடு மடல்கள் உலகெங்கும் பறந்தன. இணைப்பைத் திறந்தால் விபத்து நிஜம். அதை நம்பியவர் வங்கிக் கணக்கையும் நம்பினார். துக்க வீட்டின் பெயரை இப்படி விற்றதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

பதில் போட்ட பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். முதலில் பத்திரச் செலவு. அப்புறம் பரிமாற்ற வரி. அப்புறம், பயங்கரவாதப் பணம் அல்ல என்று ஒரு சான்றிதழுக்குக் கட்டணம். கடைசியில் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம். ஒவ்வொன்றும் ‘இதுதான் கடைசி’ என்று வரும். கட்டியவருக்கு ஏற்கெனவே போட்டதை விட மனம் வராது.

நிஜ வாரிசுரிமை எப்படி நடக்கும் என்று நம் வீடுகளுக்குத் தெரியும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், தேவைப்பட்டால் கோர்ட்டு. உறவும் இல்லாமல் உயிலும் இல்லாமல் யாரும் யாருக்கும் வாரிசாக முடியாது. பெயர் ஒன்றாக இருப்பது உறவல்ல. இந்தியாவில் மரணச் சொத்து வரியை 1985இலேயே எடுத்துவிட்டார்கள். ரிசர்வ் வங்கி தனி ஆட்களுக்குக் கணக்கு வைப்பதில்லை. இதை அதுவே பலமுறை அறிவித்திருக்கிறது. கோடி வருவதற்கு முன்னால் ஆயிரத்தைக் கட்டு என்று அறிமுகமில்லாதவர் கேட்டால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

பணம் போன பிறகு வீட்டுக்குள் நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஊர் சிரிக்கும் என்று மறைப்பார்கள். மறைத்த நாட்களில் பணம் கைமாறிப் போய்விடும். போனதை மீட்டுத் தருகிறேன் என்று அடுத்த மோசடிக்காரனும் வருவான். ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் பண்ணுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், மடலை அழிக்காமல் வைத்திருங்கள்.