ஆறு நிமிடத் தோடியும் விடியவிடியத் தோடியும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பெருமுக்கல் மலை நிற்கிறது. மேலே சிவன் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டையின் மிச்சங்கள். கோட்டைக் கதை இன்னொரு வாரத்துக்கு. இந்த வாரம் மலையடிவாரத்தில் சாமி புறப்படும்போது கேட்கிற நாயனத்தைப் பற்றி.

ஒலிபெருக்கி வராத காலத்தில் அந்தச் சத்தம் எத்தனை தூரம் போகவேண்டியிருந்தது! கிழக்கே உப்பளங்கள் வரைக்கும் தட்டை நிலம். சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. அதற்காகவே இருந்தது திமிரி நாகசுரம்: குட்டையான குழல், உச்சமான சுருதி. வீதியில் நடந்துகொண்டே வாசிக்கவேண்டும். ஊர்க்கோடியில் படுத்திருப்பவனும் சாமி எந்தத் தெருவில் வருகிறது என்று காதாலேயே அறியவேண்டும். தீவட்டி வெளிச்சத்தில் ஒரு ராகத்தை எடுத்தால் எப்போது முடிப்பது என்பதை வித்வானும் ஊர்ப் பெரியவர்களும் விடியலும்தான் தீர்மானித்தார்கள்.

இந்த மரபில் வளர்ந்தவர்தான் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவர் தோடி ராகத்தை எடுத்தால் மணிக்கணக்கில் போகும். ஆனால் வீடுகளுக்குள் போன தோடி அதுவல்ல. கிராமபோன் தட்டின் இரண்டு பக்கத்திலும் சேர்த்து ஆறு நிமிடச் சொச்சம் ஓடிய ஆலாபனைதான் போனது. பாதியில் தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியை மறுபடி வைக்கவேண்டும். ராஜரத்தினம் அதிலும் தோற்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். மணிக்கணக்குத் தோடியில் எட்டு எடுத்துவைத்து நடப்பவர், இங்கே முதல் பிடியிலேயே ராகத்தின் முகத்தைக் காட்டிவிடுகிறார். திமிரியை விட்டு நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்துக்கு அவர் மாறியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். வீதிக்கான வாத்தியம் மேடைக்கும் மைக்குக்கும் தன்னைத் தயார்செய்துகொண்டது என்று நான் படிக்கிறேன்.

இந்த மூன்று நிமிடக் கெடுபிடி எங்கிருந்து வந்தது? 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் தட்டுக்காகப் பாடிய நாளிலிருந்து அரை நூற்றாண்டுக்கு, இந்தியச் சங்கீதம் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டுக்குள் அடங்கவேண்டியிருந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். கௌஹர் ஜான் பாட்டின் கடைசியில் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கே யார் பாடினார்கள் என்று தெரியவேண்டுமே! 1908இல் கல்கத்தா சியால்தாவிலேயே ஆலை வந்தது. 1925 வாக்கில் மின் மைக் வரும்வரை, பாடுகிறவர் ஒரு பெரிய கொம்புக்குள் முகத்தைக் கொடுத்துக் கத்தவேண்டும். தவறினால் வெட்டி ஒட்ட வழியில்லை; முதலிலிருந்து பாடவேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டில் அதிகம் இழந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா என்பேன். செங்கோட்டைக்காரர், 1906இல் பிறந்து, 1933 டிசம்பரில் 27 வயதில் போய்விட்டார். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிய குரல். ஒன்ஸ் மோர் என்று கூட்டம் கத்தினால் அதே பாட்டு வேறு சங்கதிகளோடு திரும்ப வரும். அதில் ஒரு ராத்திரியைக்கூடப் பதிவுசெய்ய அன்று கருவி இல்லை. நம்மிடம் இருப்பவை தட்டுகள் மட்டுமே. அவற்றை வைத்து, கிட்டப்பா அவசரப்பட்டுப் பாடினார் என்று குறை சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அவசரம் அவருடையதா, தட்டினுடையதா?

எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். யாராவது இருமினால்கூட நாதம் போய்விடும். அத்தனை மெல்லிய மீட்டு. 1930களின் தொடக்கத்தில் கொலம்பியா நிறுவனம் அவரைப் பதிவுசெய்தது. அந்தக் கூடத்துக்குள் நுழையமுடியாத ஆயிரம் பேருக்குத் தனம்மாளைக் கொண்டுசேர்த்தது தட்டுதான்.

தட்டா மேடையா என்ற இதே வழக்கை மேல்நாட்டு ராக் ரசிகர்கள் வேறு பெயர்களோடு நடத்துகிறார்கள். டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்பேஸ் டிரக்கின்’, 1972இல் வந்த ஸ்டூடியோ ஆல்பத்தில் நாலரை நிமிடம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானில் மேடையேற்றியபோது ஏறத்தாழ 20 நிமிடம். எது அசல் என்று இன்றைக்கும் சண்டை. பீட்டில்ஸ் மறுபக்கம் போனார்கள்: 1966 ஆகஸ்டோடு ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை நிறுத்திவிட்டு ஸ்டூடியோவுக்குள் புகுந்துகொண்டார்கள். ஆனால் மேல்நாட்டில் முதலில் பிறப்பது பெரும்பாலும் ஸ்டூடியோப் பாட்டு. மேடையில் அது நீள்கிறது. நம் கச்சேரியில் முதலில் இருப்பது நீளம். தட்டுக்காகத்தான் அது குறுகியது. ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் ‘வாசுதேவயனி’ கல்யாணித் தட்டைத் தேய்த்துக் கேட்டுவிட்டு அவர் கச்சேரிக்குப் போனவர்களுக்கு ஆலாபனை, நிரவல், ஸ்வரம் என்று ஒரு ஊரே காத்திருந்தது.

மதுரை மணி ஐயர் (1912–1968) இன்று நம் காதில் வாழ்வது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகளால். ஸ்பூல் டேப் பழக்கத்துக்கு வந்தபின் ரசிகர்கள் பிடித்துவைத்தவை. இரைச்சல் உண்டு, கைதட்டல் உண்டு, நடுவில் டேப் தீர்ந்து அறுந்துபோவதும் உண்டு. என் தீர்ப்பைக் கேட்டால், ஒரு வித்வானின் கற்பனையை அளக்க அந்த இரைச்சல் டேப்தான் சாட்சி. அவருடைய கட்டுப்பாட்டை அளக்கத் தட்டு. ஒன்றை வைத்து மற்றதை எடைபோடுவது வரலாறு ஆகாது.

பெரிய பெயர்களின் டேப்புகள் ஓரளவு தப்பித்துவிட்டன. சென்னை மியூசிக் அகாடமியில் உள்ள டாக் டிஜிட்டல் ஆவணக் கூடத்தில் பழைய கச்சேரிகளை உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் கிராமத்துப் புறப்பாட்டு நாயனமும் தெருக்கூத்தும்? திண்டிவனம், மரக்காணம், செஞ்சி வட்டாரங்களில் திருவிழாவைக் கேசட்டில் பிடித்துவைத்த வீடுகள் இருக்கும். கடற்கரை ஈரத்தில் அந்த நாடாக்களில் பூஞ்சை ஏறுகிறது. பரணில் அப்படி ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். வெயிலிலும் வைக்காதீர்கள். வாசித்தவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து, விவரம் தெரிந்தவர்களிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றிவிடுங்கள்.