பலகைக்குள் நுழைந்த கணினி: பாடி, அம்பத்தூர் வட்டாரத்தின் சதுரங்க வரலாறு

சதுரங்கம் போர்க்களத்தைச் சுருக்கிப் பலகையில் வைத்த ஆட்டம். நால்வகைப் படையும் அரசனும் அமைச்சனும் 64 கட்டங்களுக்குள் மோதும் இந்த ஆட்டம் கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் உருப்பெற்று, பாரசீகம் வழியாக ஐரோப்பா சென்றது. 1780இல் பிரவுன்ஷ்வைக் நகரின் ஹெல்விக், கட்டங்களைப் பெருக்கி, ஆறும் மலையும் பீரங்கியும் சேர்த்து அதைப் போர்ப் பயிற்சி ஆட்டமாக மாற்றினார். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி கட்டங்களை விட்டுவிட்டு, நிலவரைபடத்தின் மேல் படைகளை நகர்த்தும் முறையைத் தம் நாட்டுப் படைக்குக் கொடுத்தார். பொம்மை வீரர்களை வைத்து வீட்டில் ஆடுவதற்கான விதிகளை எச்.ஜி. வெல்ஸ் 1913இல் நூலாக வெளியிட்டார். இன்று மேலைநாடுகளில் இந்தப் பொம்மைப் படை ஆட்டத்துக்கு முப்பரிமாண அச்சுப்பொறியில் வீரர்களை அச்சிடுகிறார்கள். களத்தைத் திரையிலும் விரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் மேசைப் போர் என்றால் சதுரங்கம்தான். மின்னணுத் தொழில்நுட்பம் அதற்குள் நுழைந்த வரலாற்றில் பழைய திருவள்ளூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்துக்குத் தனி இடம் உண்டு.

கணினி வருவதற்கு முன் இந்த ஆட்டத்தில் அரிதாக இருந்தது தகவல். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோன், 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் மிகைல் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். அங்கே ரஷ்ய நூல்கள் கிடைத்தன, வலுவான எதிராளிகள் கிடைத்தார்கள். வெளிநாட்டு ஆட்டங்களை அறிய, 1966 முதல் பெல்கிரேடிலிருந்து வந்த ‘இன்ஃபார்மன்ட்’ தொகுதிகளையே பலர் நம்பியிருந்தனர். மாஸ்கோவில் ஆடப்பட்ட ஒரு புதிய நகர்வு அச்சேறிச் சென்னை வந்துசேர மாதங்கள் ஆகும். அதற்குள் அந்த நகர்வுக்கு அங்கே பதிலும் கண்டுபிடித்திருப்பார்கள். திறமை குறையாத பல தமிழக ஆட்டக்காரர்கள் பின்தங்கியதற்கு இந்தத் தாமதம் ஒரு பெரிய காரணம்.

அந்தத் தாமதத்தைக் குறைத்தது தரவுத்தளம். ஜெர்மனியில் மத்தியாஸ் வுல்லன்வேபரும் ஃபிரெடரிக் ஃபிரீடலும் உருவாக்கிய ‘செஸ்பேஸ்’ மென்பொருள் 1987இல் அடாரி கணினிக்காக வந்தது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சேமித்து, ஒரு குறிப்பிட்ட நிலை இதுவரை எந்தெந்த ஆட்டங்களில் வந்தது, யார் என்ன ஆடினார் என்பதை நொடியில் எடுத்துக் காட்டும் வசதி அதில் இருந்தது. அதே 1987இல் உலக ஜூனியர் பட்டம் வென்று, அடுத்த ஆண்டு இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விஸ்வநாதன் ஆனந்த், இதைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தியவர்களில் ஒருவர். எதிராளியின் பழைய ஆட்டங்களைத் தேடிப் படித்துவிட்டு மேசைக்குப் போகும் பழக்கம் அவர் வழியாகவே இங்கு பரவியது. 1990களின் நடுவில் பி.ஜி.என். என்ற எளிய எழுத்துக் கோப்பு வடிவம் பொதுவானதும், ஆட்டங்கள் எந்தக் கணினியிலிருந்தும் எந்தக் கணினிக்கும் செல்ல முடிந்தது.

அடுத்து வந்தது எஞ்சின், அதாவது தானே சிந்தித்து நகர்வை மதிப்பிடும் நிரல். 1997இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ, நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய்ந்து உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தொடர் ஆட்டத்தில் வென்றது. அதற்குத் தனியாக வடிவமைத்த பெரிய கணினி தேவைப்பட்டது. 2008இல் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் இலவசம். சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு டீப் புளூவைவிட இதுவே பெரிய திருப்பம். உலகத்தரப் பயிற்சியாளரை வீட்டுக்கு அழைக்க முடியாத குடும்பத்திலும், எந்த நகர்வு தவறு என்று உடனே சொல்லும் துணை ஒன்று மேசையில் அமர்ந்தது.

இந்த மாற்றத்தின் பயன் திரண்ட இடங்களில் ஒன்று அம்பத்தூர் வட்டாரம். பாடியில் 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் ஆலைகள் எழுந்தன. ஆவடியில் 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா டாங்கியைத் தயாரித்தது. அம்பத்தூர் வட்டம் 2018 ஜனவரியில் சென்னையோடு இணையும் வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. மாதச் சம்பளக் குடும்பங்கள் நிறைந்த இந்தப் பகுதியில் வேலம்மாள் பள்ளிகள் சதுரங்கத்தைத் தீவிரமாக வளர்த்தன. போட்டிகளுக்குப் போகும் மாணவர்களுக்கு வருகைப் பதிவிலும் தேர்விலும் இடம்கொடுத்தன. பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தா 2018 ஜூனில், 13 வயது நிறையும் முன், கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருடைய அக்கா வைஷாலியும் 2023இல் அந்தப் பட்டத்தை எட்ட, உலகின் முதல் அக்கா–தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள். இருவருக்கும் ஆர்.பி. ரமேஷ் பயிற்சியாளர்.

மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் வித்யாலயாவில் படித்த குகேஷின் கதை வேறு திசையில் போகிறது. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை எஞ்சினிடமிருந்து வேண்டுமென்றே விலக்கி வைத்தார். 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை, கணினியின் தீர்ப்பைக் கேட்காமல் தானே கணக்கிட்டுப் பழகினார் குகேஷ். விடை உடனே கிடைத்தால் தேடும் வலிமை வளராது என்பது பயிற்சியாளரின் எண்ணம். ஒரே வட்டாரத்தில், எஞ்சின் காலத்திலேயே, இப்படியும் ஒரு பயிற்சி முறை உருவானது இந்த வரலாற்றின் மிக முக்கியமான பகுதி.

பயிற்சியோடு நிற்காமல் பலகையும் மாறியது. நெதர்லாந்தின் டி.ஜி.டி. நிறுவனத்தின் மின்னணுப் பலகை பார்வைக்குச் சாதாரண மரப்பலகைதான். ஒவ்வொரு காயின் அடியிலும் மின்கலம் இல்லாத சிறு சுருள் இருக்கிறது. ஒவ்வொரு வகைக் காய்க்கும் தனி அதிர்வெண். கட்டங்களுக்குக் கீழே பதித்த கம்பிச் சுருள்கள் அந்த அதிர்வெண்ணை உணர்ந்து, எந்தக் காய் எங்கே நிற்கிறது என்று கணினிக்குச் சொல்கின்றன. ஆட்டக்காரர் கையால் காயை நகர்த்த, உலகம் அதைத் திரையில் காண்கிறது. 2022இல் ரஷ்யாவிலிருந்து மாற்றப்பட்ட 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட், ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை சென்னையிலும் மாமல்லபுரத்திலும் நடந்தது. அணிக்கு நால்வர் என்ற கணக்கில் ஒரு சுற்றுக்குச் சுமார் 700 பலகைகள் தேவைப்பட்டன. பொதுப் பிரிவில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஆடிய இந்திய ‘பி’ அணி வெண்கலம் வென்றது. முதல் பலகையில் தொடர்ந்து 8 ஆட்டங்களை வென்ற குகேஷுக்குத் தனிநபர் தங்கம்.

இதற்கு முன்பே கொரோனாக் காலம் பலகையையே தற்காலிகமாக விலக்கியிருந்தது. 2020 இணைய ஒலிம்பியாட் இறுதியில் உலகளாவிய இணையத் தடங்கலால் இந்திய ஆட்டக்காரர்கள் இருவரின் தொடர்பு அறுந்தது. பட்டம் இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் ‘ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ்’ இணையப் போட்டியில், 16 வயது பிரக்ஞானந்தா கறுப்புக் காய்களோடு 39 நகர்வுகளில் உலகச் சாம்பியன் கார்ல்சனை வென்றார்.

எஞ்சின் மலிந்ததும் ஏமாற்றும் வந்தது. 2006இல் டில்லிப் போட்டி ஒன்றில் தொப்பிக்குள் புளூடூத் கருவி வைத்திருந்த ஆட்டக்காரருக்குப் பத்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. இன்று பெரிய போட்டிகளில் வாசலில் சோதனைக் கருவி நிற்கிறது, கைப்பேசி அரங்குக்குள் வரக்கூடாது, நேரலையைச் சில நிமிடம் தாமதித்து வெளியிடுவதும் உண்டு. பார்வையாளர் கையில் எஞ்சின் இருக்கும். ஆடுபவர் கையில் எதுவும் இருக்கக்கூடாது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டத்தின் 55ஆவது நகர்வில் குகேஷின் எதிராளி டிங் லிரென் ரூக்கைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தியபோது, திரையில் எஞ்சினின் மதிப்பீடு கறுப்புக்குச் சாதகமாகத் தாவியது. அரங்கில் கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷ் அதைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சில நொடிகளில் கண்டுகொண்டு, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார்.