ஈய-அமில வாகன பேட்டரி: சேர்வராயன் மலைப் பயன்பாடு

ஈயத் தகடுகளையும் நீர்த்த கந்தக அமிலத்தையும் கொண்டு மின்னாற்றலைச் சேமித்து, வேண்டும்போது திருப்பித் தரும் கலம் ஈய-அமில பேட்டரி. பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே 1859-இல் இதை உருவாக்கினார். 1881-இல் கமில் ஃபோர் ஈயப் பசை பூசிய தகடுகளைக் கொண்டுவந்த பிறகுதான் பெருமளவில் செய்ய முடிந்தது. 1912-இல் காடிலாக் கார் மின் ஸ்டார்ட்டரோடு வெளிவந்தது. அன்று முதல் கைப்பிடி சுற்றி எஞ்சினைக் கிளப்பும் வேலை மெல்ல ஒழிந்தது.

12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். மின்சாரம் செலவாகும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும், அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் ஏறும்போது இது தலைகீழாகும். அமிலத்தின் அடர்த்தியே சார்ஜின் அளவைச் சொல்லிவிடுவதால்தான் மெக்கானிக் கையில் ஹைட்ரோமீட்டர் இருக்கிறது: முழுச் சார்ஜில் 1.24 முதல் 1.28 வரை. மற்றச் செல்கள் ஒரே அளவு காட்ட, ஒன்று மட்டும் கீழே நின்றால் அந்தச் செல் போய்விட்டது என்று பொருள்.

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்து மாரமங்கலம் போன்ற ஊர்களில் இந்த பேட்டரி படும் பாடு சமவெளியில் படுவது போன்றதல்ல. காபி, மிளகு மூட்டை ஏற்றும் ஜீப்பும் பிக்கப் வண்டியும் கோடைப் பகலில் 40 டிகிரியை நெருங்கும் சேலத்தில் நின்றுவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, இரவில் மலைக்குளிரில் நிற்கின்றன. மார்கழி விடியலில் 'செல்ஃப்' எடுக்காவிட்டால் பழி குளிர்மேல் விழும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் பேட்டரியின் திறன் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும். ஏற்காட்டுக் குளிர் 12, 13 டிகிரி. நல்ல பேட்டரி அதைத் தாங்கும். அதற்குமுன் பேட்டரியை அரித்தது கீழ்நாட்டு வெயில்: வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. வெயில் செய்த கேட்டைக் குளிர் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் குறுகிய ஓட்டம். பனிமூட்டத்தில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டுக்கொண்டு, குறைந்த வேகத்தில் ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரமே திரும்ப ஏறுவதில்லை. அரைச் சார்ஜில் நாள்கணக்காகக் கிடக்கும் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது முழுதாகக் கரையாது.

மலையில் பேட்டரியின் இந்தப் பலவீனத்தை மறைக்கும் வழக்கமும் உண்டு. வண்டியை இறக்கத்தில் நிறுத்தி வைத்து, காலையில் உருட்டிவிட்டு கியர் போட்டுக் கிளப்புவார்கள். பழைய டீசல் ஜீப்பில் அது நடக்கும். கணினியால் இயங்கும் புதிய டீசல் வண்டி பேட்டரி முற்றிலும் செத்திருந்தால் உருட்டினாலும் கிளம்பாது. எஞ்சின் கிளம்பாமல் இறக்கத்தில் உருளும் வண்டிக்கு பிரேக்கின் துணை விசையும் பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. கொண்டை ஊசி வளைவுக்கு மேலே செய்யும் காரியம் அல்ல இது.

பொருத்தும்போது வண்டிக்கேற்ற அளவும் ஆம்பியர்-மணியும் பார்த்து வாங்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, கழற்றும்போது முதலில் மைனஸ் வயர், மாட்டும்போது முதலில் பிளஸ். மைனஸ் பாடியோடு இணைந்த வண்டியில் முறையை மாற்றினால், பிளஸ்ஸைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டதும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து உலோகம் சிவக்கும். மோதிரம், வாட்ச் கழற்றச் சொல்வதும் இதற்காகவே. எஸ்டேட் பாதைக் குலுக்கலில் தகட்டிலிருந்து பசை உதிரும் என்பதால் பேட்டரியைப் பிடிக்கும் கிளாம்ப் இறுக்கமாக இருக்கவேண்டும். டெர்மினல் பூத்துப்போனால் வயர்களைக் கழற்றி, ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, மாட்டியபின் வாசலின் தடவலாம். சோடா நீர் செல்லுக்குள் போகக்கூடாது.

ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0-க்குக் கீழே காலி என்றே கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். வராவிட்டால் குறை பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ வயரிலோ இருக்கும். புது பேட்டரி வாங்குவது வீண் செலவு. தனியே சார்ஜ் போடும்போது திறனில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும்: 70 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 7. அவசரச் சார்ஜ் தகட்டைச் சூடாக்கும். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே வெடிக்கக்கூடியது. குளிருக்காகக் கதவு ஜன்னலை அடைத்த வீட்டறையில், அடுப்புக்குப் பக்கத்தில் சார்ஜ் போடுவது மலையூர்களில் தவிர்க்கவேண்டிய முதல் தவறு. கிளிப்பை எடுக்கும்போது பொறி தெறிக்கும் என்பதால் சார்ஜரை அணைத்த பிறகே எடுக்க வேண்டும். வேறு வண்டியிலிருந்து வயர் போட்டுக் கிளப்பும்போதும் கடைசி மைனஸ் கிளிப்பை பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் எஞ்சின் இரும்பில் மாட்டுவது அந்தப் பொறிக்குப் பயந்துதான்.

மூடி திறக்கும் வகைக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றலாம். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஊற்றுநீரில் உப்புகள் உண்டு. தகடு மூழ்கும் அளவு இருந்தால் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுவது நல்லது. முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. எனவே ஆசிட் சேர்க்கக்கூடாது. ஆசிட்டைக் கரைக்க நேர்ந்தால் தண்ணீரில்தான் ஆசிட்டை மெல்ல ஊற்ற வேண்டும். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போகவேண்டும். மலையிலிருந்து மருத்துவமனை தூரம் என்பதால் அந்த 15 நிமிடம்தான் கண்ணைக் காக்கும்.

பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். செனகல் நாட்டின் டக்கார் அருகே தியாரோயி-சுர்-மேர் பகுதியில், பழைய பேட்டரிகளின் ஈயம் கலந்த மண்ணால் 2007-08-இல் 18 குழந்தைகள் இறந்தனர். பழைய பேட்டரியைத் திருப்பி வாங்கிக்கொள்வதை இந்தியாவில் 2001-ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கின. 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள். எடை குறையட்டும் என்று ஆசிட்டைக் காபிச் செடியடியில் கொட்டினால் சரிவில் வழியும் நீரோடு ஈயத் துகளும் கீழ்க்கிணற்றுக்குப் போகும். கொட்டாமல், சாய்க்காமல், நிமிர்த்தி வைத்தே இறக்கவேண்டும்.