சாட்சியச் சிகிச்சை

அரச வன்முறையில் சிக்கி உயிர்தப்பியவர் தமக்கு நேர்ந்ததை உளச்சிகிச்சையாளரிடம் சொல்ல, இருவரும் சேர்ந்து அதை எழுத்து ஆவணமாக்கும் முறை சாட்சியச் சிகிச்சை எனப்படும். இது தென் அமெரிக்க நாடான சிலியில் உருவானது. 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் ஆயிரக்கணக்கானோர் ரகசியச் சிறைகளில் வதைக்கப்பட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று அரசு சாதித்தது. வெளியே வந்தவர்களுக்குத் தூக்கம் போயிருந்தது. சொன்னால் மீண்டும் பிடித்துப் போவார்கள் என்ற அச்சமும், சொன்னாலும் யார் நம்புவார்கள் என்ற கசப்பும் வாயைக் கட்டின. கிறிஸ்தவத் திருச்சபைகளின் உதவி அமைப்புகள் தந்த பாதுகாப்பில் இவர்களுக்குச் சிகிச்சை அளித்த எலிசபெத் லிரா, எவுஹேனியா வைன்ஸ்டைன் என்ற இரு உளவியலாளர்கள் இம்முறையை வகுத்தார்கள். 1983இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் அதை விளக்கி எழுதியபோது சொந்தப் பெயரைப் போட முடியாத நிலை. சியன்ஃபுவேகோஸ், மொனெல்லி என்ற புனைபெயர்களில்தான் கட்டுரை வெளிவந்தது.

செயல்முறை எளிமையானது. பாதிக்கப்பட்டவர் பேசுவது டேப்பில் பதிவாகும். பிறகு அது எழுத்தில் பெயர்க்கப்படும். இருவரும் அதை ஒன்றாக உட்கார்ந்து படிப்பார்கள். விட்டுப்போனதைச் சேர்ப்பார்கள், தவறாக விழுந்ததைத் திருத்துவார்கள். எந்த நாள், எந்தக் கட்டடம், கண்கட்டுக்குள்ளிருந்து காதில் விழுந்த குரல் எது என்பதெல்லாம் இடம்பெறும். கைதுக்கு முந்தைய வாழ்க்கையும், அவர் எந்த இயக்கத்தில் எதற்காகச் சேர்ந்தார் என்பதும் அதே தாளில் வரும். வதைமுகாமில் அந்த மனிதரின் வாயிலிருந்து பேச்சு பிடுங்கப்பட்டது. தோழர்களின் பெயர்களைச் சொல்லவைத்து அவரையே அவருக்குக் குற்றவாளியாக்கினார்கள். இங்கே எதைச் சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது என்பதை அவரே தீர்மானிக்கிறார். முடிந்த ஆவணம் அவருடையது. அதை மனித உரிமை அமைப்பிடம் கொடுக்கலாம், நீதிமன்றத்தில் வைக்கலாம், வீட்டில் பூட்டியும் வைக்கலாம். உளச்சிகிச்சையாளர் சமூக மாற்றத்துக்கு உதவும் வழி எது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது. மேடையேறி அமைதியைப் போதிக்கும் வேலையை அவர் மேற்கொள்ளவில்லை. பொறுமையாகக் கேட்பது, கோர்வையற்ற நினைவைக் கோர்வைப்படுத்துவது என்ற தொழில்திறன்தான், மறுக்கப்பட்ட குற்றத்துக்குச் சான்றை உண்டாக்கியது.

இதற்கான கோட்பாட்டு வலிமை மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரிலிருந்து வந்தது. 1942இல் ஸ்பெயினில் பிறந்த இயேசு சபைத் துறவி இக்னாசியோ மார்ட்டின் பாரோ, சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1979இல் முனைவர் பட்டம் பெற்று, சான் சால்வடோரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்தார். போர் மனிதருக்குள் விட்டுச்செல்லும் காயம் தனிமனித மூளைக்குள் மட்டும் இருப்பதில்லை, மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான உறவிலேயே அது பதிந்திருக்கிறது என்றும், அதை உண்டாக்கிய பொய்யைக் கலைக்காமல் ஆளை மட்டும் ஆற்ற முடியாது என்றும் அவர் வாதிட்டார். 1986இல் கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, அரசு சொல்வதற்கும் மக்கள் நினைப்பதற்கும் உள்ள இடைவெளியை எண்களில் காட்டினார். 1989 நவம்பர் 16 அன்று அந்நாட்டு ராணுவத்தின் அட்லாகாட்ல் படைப்பிரிவினர் அவரையும் ஐந்து சக துறவிகளையும், அங்கே வேலை பார்த்த பெண்ணையும் அவர் மகளையும் சுட்டுக்கொன்றார்கள். கொலைக்குத் துணைபோன முன்னாள் கர்னல் ஒருவருக்கு 2020இல் ஸ்பெயின் நீதிமன்றம் 133 ஆண்டுச் சிறை விதித்தது.

மருத்துவர் ஒரு பக்கம் சாயக் கூடாது, அரசியல் கலந்தால் சிகிச்சை கெடும் என்பது இம்முறைமீது அடிக்கடி வைக்கப்படும் மறுப்பு. உளவியல் தன்னளவில் நல்லதையே செய்யும் என்று நம்புவோருக்கு வரலாறு ஆதரவு தருவதில்லை என்பதை முதலில் ஏற்க வேண்டும். போஸ்னியப் படுகொலைகளுக்காக ஆயுள் தண்டனை பெற்ற ரடோவான் கராஜிச் மனநல மருத்துவர். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் சித்திரவதை விசாரணைமுறையை வடிவமைத்தவர்கள் இரண்டு உளவியலாளர்கள். ஆனால் இந்த எடுத்துக்காட்டுகள் நடுநிலைக்குச் சாதகமானவை அல்ல. வதையுண்டவரின் நடுக்கத்துக்கு மாத்திரை தந்து, நடுக்கத்தின் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதாமல் விடுகிற மருத்துவரும் ஒரு பக்கம் சாய்ந்தவரே. எதுவும் நடக்கவில்லை என்ற அரசின் கூற்றுக்கு அந்த வெற்றுப் பக்கம் துணை நிற்கிறது.

பழையதைக் கிளறுவது காயத்தைப் பெரிதாக்கும் என்ற மறுப்பு இன்னும் கனமானது. அதற்குத் தரவும் உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பின் சியரா லியோனின் 200 கிராமங்களில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பாதிக்கப்பட்டவரும் தீங்கிழைத்தவரும் ஊர்முன் பேசிய சமரசக் கூட்டங்கள் மன்னிக்கும் மனதையும் ஊர் உறவுகளையும் வளர்த்தன. ஆனால் அந்த ஊர் மக்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் கூடின. சமூகம் குணமாவதற்கான விலையைத் தனிமனிதரே கட்டுகிறார் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொன்ன ஆய்வு குறைவு. இருந்தாலும் ஊர்க்கூட்டத்தில் பேசிவிட்டு வீடு திரும்புவதும், ஒரே சிகிச்சையாளரோடு பலமுறை அமர்ந்து தன் சொற்களைத் தானே சீர்செய்வதும் வெவ்வேறு அனுபவங்கள். இந்த ஆய்வு நமக்குச் சொல்வது, உளவளத்துணை இல்லாமல் உண்மை பேசச் சொல்லாதே என்பதைத்தான்.

சிலியில் அரசே உயிர்தப்பியவர்களின் வாக்குமூலத்தை முறையாகக் கேட்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அரசு அமைத்த, லிராவும் உறுப்பினராக இருந்த வாலெக் ஆணையம் 2004இல் இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோரை அரசியல் சிறைக்கும் வதைக்கும் உள்ளானவர்களாக ஏற்றது. ஆனால் அவர்கள் கொடுத்த சாட்சியங்களைச் சட்டம் 50 ஆண்டுகளுக்கு மூடி முத்திரையிட்டது. ஆவணம் சொன்னவரின் கையில் இருக்க வேண்டும் என்ற மூல விதிக்கு இது நேர்மாறு.

ஈழத்திலும் இந்தச் சிந்தனைக்கு வேர் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் குடும்பங்களையும் ஊர்களையும் கூட்டாகக் காயப்படுத்தியதைப் பல ஆண்டுகள் பதிவுசெய்தார். சாட்சியச் சிகிச்சையிலிருந்து கிளைத்த கதையாடல் வெளிப்படுத்தல் சிகிச்சையின் (Narrative Exposure Therapy) சிறார் வடிவத்தை, சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் பயிற்சிபெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் குழந்தைகளுக்கு அளித்தார்கள். தியான முறையும் ஏறக்குறைய அதே பலன் தந்ததாக 2009இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அத்தகைய ஆய்வுகள் அளப்பது பெரும்பாலும் நோய்க்குறிகளையே; வாக்குமூலம் யாரிடம் போய்ச் சேர்ந்தது, அதனால் யார் கேள்விக்குள்ளானார் என்பது அவற்றின் அட்டவணையில் இல்லை. இந்தியா, இலங்கை, கம்போடியா ஆகிய நாடுகளில் ஆவணத்தை உரக்கப் படித்து உரியவரிடம் ஒப்படைக்கும் சடங்கோடு இம்முறை பின்பற்றப்பட்டிருக்கிறது.