பொழுதறிதலும் அமைதியும்: தமிழ்ப் பருவமரபில் அன்றாட வாழ்வின் இடம்

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டது தமிழ் அகமரபு. மரமும் பறவையும் தொழிலும் உணவும் கருப்பொருளாக அடங்க, அவற்றுக்கும் முற்பட்டதாகப் பொழுது வைக்கப்பட்டமை தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் தனிச்சிறப்பு. இம்மரபு இருபதாம் நூற்றாண்டில் இருவகையாக விளக்கப்பெற்றது. பழந்தமிழர் இயற்கையில் கொண்ட ஈடுபாட்டின் வெளிப்பாடே பருவ வருணனை என்பது ஒன்று. தனிநாயக அடிகள், மு. வரதராசனார் ஆகியோர் 1950களில் வெளியிட்ட ஆங்கில ஆய்வுகள் இந்நோக்கிற்கு உறுதியான அடித்தளம் அமைத்தன. மற்றொன்று, புறத்தே காணும் நிலக்காட்சி அகத்தே நிகழும் உணர்வின் குறியீடு என்பது. ஏ. கே. இராமானுசனின் மொழிபெயர்ப்பு நூல் 1967இல் வெளிவந்த பின்னர் இந்நோக்கு பெருவழக்காயிற்று.

இவ்விரு நோக்கும் பயனுடையன. எனினும் இரண்டும் ஒன்றைப் போதிய அளவு கருதவில்லை. பருவம் மாறுங்கால் மாந்தர் வீட்டிலும் தெருவிலும் செய்யும் சிறுசிறு செயல்களே பாடல்களில் மிகுதியாகப் பதிவாகியுள்ளன. விளக்கேற்றுதல், சாளரம் அடைத்தல், நெருப்புக் காய்தல், கன்றைத் தேற்றுதல் போன்றன அவை. இச்செயல்களின்வழிப் பருவத்தின் அழகும் அமைதியும் எவ்வாறு புலப்படுத்தப்பட்டன, அவ்வமைதி எத்தகையது, அது யாருக்கு வாய்த்தது என்பனவற்றை வரலாற்று முறையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறு பருவங்களும் தமிழ்நிலமும்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் பெரும்பொழுது ஆறனையும் ஆவணி முதலாக இரண்டிரண்டு திங்கள் எனப் பகுத்துக் காட்டுவர் உரையாசிரியர். ஞாயிற்றுக்குரிய சிங்க ஓரை தொடங்கிக் கடக ஓரை முடிய ஓராண்டு என்பது நச்சினார்க்கினியர் தரும் விளக்கம். தொல்காப்பியம் முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரியன என்கின்றது. மருதத்திற்கும் நெய்தலுக்கும் சிறுபொழுதை மட்டும் கூறிப் பெரும்பொழுதைக் கூறாது விடுகின்றது. இதனால் அவ்விரு நிலங்களுக்கும் ஆறு பருவமும் உரியன என உரையாசிரியர் கொண்டனர். உழவும் மீன்பிடியும் ஆண்டு முழுவதும் நிகழும் தொழில்கள் என்பதனை நோக்க, இக்கருத்து பொருத்தமுடையதாகவே தோன்றுகின்றது.

ஆறு பருவம் என்னும் எண்ணிக்கை வடமொழி மரபிற்கும் பொதுவானது. ஆயின் பருவங்களின் இயல்பு இரு மரபிலும் ஒன்றன்று. காளிதாசனின் பெயரால் வழங்கும் இருதுசங்காரம் முதுவேனிலில் தொடங்கி இளவேனிலில் முடிகின்றது. அதில் மழைக்காலத்தை அடுத்து வருவது சரத்காலம். தெளிந்த வானும் நிலவும் தாமரையும் கூடிய அக்காலம் வடபுலத்தில் அமைதியின் பருவமாகும். அச்சரத்காலத்தின் பிற்பகுதி தமிழகத்தில் ஐப்பசியைச் சாரும். இங்கு அது கூதிர். வடகிழக்குப் பருவக்காற்று மழை கொணரும் காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்வது. எனவே வடபுலத்தார் வெளியே வந்து நிலவைக் கண்டு மகிழும் காலத்தில் தமிழர் கதவடைத்து உள்ளே இருந்தனர். தமிழ்ப் பருவமரபில் அமைதி என்பது பெரும்பாலும் மழைக்கு உள்ளே, இல்லத்தின் அகத்தே, காத்திருத்தலோடு கூடியதாக அமைந்தமைக்கு இந்நில இயல்பும் ஒரு காரணம் எனலாம்.

நெடுநல்வாடையில் வீடும் தெருவும்

கூதிர்கால அன்றாட வாழ்வை மிக விரிவாகக் காட்டும் பழம்பாட்டு, நக்கீரர் இயற்றிய 188 அடி கொண்ட நெடுநல்வாடையாகும். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபின் இப்பாட்டு பரவலாக அறியப்பெற்றது. பாட்டில் இடம்பெறும் செய்திகளில் பல, செய்யாது விடப்பட்ட செயல்களைப் பற்றியன. சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கின்றது. மகளிர் மாலை தொடுப்பதை விடுத்துச் சில மலர்களையே கூந்தலில் இட்டு அகிற்புகை ஊட்டுகின்றனர். வேனிற்காலத்து ஆலவட்டம் தொங்கவிடப்பட்டுச் சிலந்திநூல் படிந்துள்ளது. தென்றல் வரும் சாளரங்கள் தாழிடப்பட்டுள்ளன. குளிர்ந்த நீரை யாவரும் வெறுக்க, வாயகன்ற தடவில் நெருப்பு எரிகின்றது. ஆடல் மகளிர் குளிரால் நிலைதிரிந்த யாழ்நரம்பை மார்பின் வெம்மையால் தடவிச் சரிசெய்கின்றனர்.

ஒரு பருவத்தின் பொருள்கள் ஓய்ந்து கிடத்தலைக் கொண்டே மற்றொரு பருவம் வந்தமை உணர்த்தப்படுவது இங்கு நோக்கத்தக்கது. மழையை நேரே புகழும் கூற்று இப்பகுதியில் இல்லை. வீட்டுப்பொருள்களின் இருப்பே பருவத்தைப் பேசுகின்றது. ஈடுபாடு என்ற சொல்லால் மட்டும் இதனை விளக்கிவிட இயலாது. பயன்படுத்தும் பொருளோடு நாள்தோறும் பழகியவர்க்கே அது பயன்படாமற் கிடப்பது கண்ணிற்படும். ஆகவே இவ்வழகு உழைப்போடும் பழக்கத்தோடும் பிணைந்த அழகாகும்.

பூவால் அறிந்த மாலை

அப்பாட்டின் மற்றொரு காட்சி மேலும் ஆராயத்தக்கது. முகில் மூடியதால் ஞாயிற்றின் இயக்கம் தெரியவில்லை. மகளிர் தட்டில் இட்டுவைத்த பிச்சியரும்புகள் இதழ் விரிந்து மணத்தலைக் கண்டு மாலை வந்தமையை அறிகின்றனர். அறிந்ததும் விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவி வழிபடுகின்றனர். அதே வீட்டில் வாழும் புறாக்களோ பகல் இரவு அறியாது மயங்கி இறைபோக வழியின்றிக் கால் மாற்றி அமர்ந்திருக்கின்றன.

பொழுதைக் கருவிகொண்டு அளத்தலை அக்காலத்தார் அறியாதவர் அல்லர். அதே பாட்டில், அரண்மனை அமைக்கும் நூலறி புலவர் நண்பகலில் இருகோல்களின் நிழலை நோக்கித் திசை குறித்த செய்தி வருகின்றது. முல்லைப்பாட்டில், பாசறையில் உள்ள அரசனுக்கு நாழிகைக் கணக்கர் நீர்க்கன்னல் கொண்டு பொழுது அளந்து அறிவிக்கின்றனர். ஒரு நாள் 60 நாழிகை எனப் பகுக்கப்பட்டது. சிறுபொழுது ஆறு என்பார் ஒன்றுக்குப் பத்து நாழிகை எனக் கொண்டனர். இங்ஙனம் அளக்கும் அறிவு இருந்தும் இல்லத்து மாலை பூவால் அறியப்பட்டது. கட்டடத்திற்கும் போருக்கும் அளந்த பொழுது வேண்டப்பட்டது. விளக்கேற்றுவதற்கு மணந்த பொழுது போதுமாயிற்று. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே பாடல்மரபில், தத்தம் இடத்தில் நின்றமை பொழுதின் வரலாற்றை எழுதுவோர் கருதற்பாலது.

இருத்தல் என்னும் அமைதி

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். பிரிவைப் பொறுத்து இல்லத்தில் இருத்தல் என்பது இதன் பொருள். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய 103 அடி கொண்ட முல்லைப்பாட்டு இவ்விருத்தலை இரு சிறு நிகழ்வுகளால் காட்டுகின்றது. முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அப்போது ஆய்மகள் ஒருத்தி, குளிரால் கைகளைத் தோள்மேற் கட்டியவளாய், கட்டுண்ட இளங்கன்றிடம் அதன் தாய் விரைவில் வந்துவிடும் என்று கூறித் தேற்றுகின்றாள். அவள் கூறியது கன்றுக்கு. கேட்டவர் கொண்டது தலைவிக்கு. நாள்தோறும் மாலையில் எந்த ஆயர்பாடியிலும் கேட்கக்கூடிய சொல் அன்று நற்சொல்லாயிற்று.

எனினும் அச்சொல்லால் தலைவியின் துயர் தீர்ந்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. அவள் கண்ணீர் வடிக்கின்றாள், தன்னைத் தானே தேற்றிக்கொள்கின்றாள், மீண்டும் மயங்குகின்றாள். பின்னர், மாடத்தின் இறைவாரத்திலிருந்து வீழும் மழைநீரின் இனிய ஒலியைக் கேட்டவாறு கிடக்கின்றாள். பாசறையில் நீர்க்கன்னல் பொழுதை அளக்க, இல்லத்தில் அதே நீர் அளவின்றி ஒலிக்கின்றது. துயரை நீக்காமல் துயரோடு உடனிருக்கும் அமைதியே முல்லை காட்டும் அமைதி. மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையை 1903இல் வெளியிட்டு இப்பாட்டின் நயத்தைப் புதிய முறையில் எடுத்துக்காட்டியதும் இங்கு நினையத்தக்கது.

பருவம் ஆறுதல் தருவதோடு சான்றாகவும் நிற்கின்றது. கார் வருமுன் மீள்வேன் என்பது தலைவன் சொல். குறுந்தொகை 21ஆம் பாடலில், கொன்றை பூத்த கானம் கார் வந்தது என்று சொன்னாலும் தான் நம்பவில்லை என்கின்றாள் தலைவி. தலைவன் பொய் சொல்லான் என்பது அவள் துணிவு. 66ஆம் பாடலில், காலமல்லாக் காலத்து மழையைக் கார் என மயங்கிப் பூத்த கொன்றையை அறியாமையுடையது என்கின்றாள் தோழி. கண்முன் பூத்த பூவையே மறுத்து மனத்தை நிலைநிறுத்தும் இம்முயற்சியில் அமைதி என்பது தானாக வாய்ப்பதன்று, முயன்று பெறுவது என்பது புலனாகின்றது.

அமைதியின் எல்லை

பருவத்தின் அமைதி யாவர்க்கும் ஒத்த அளவில் கிட்டியதாகப் பழம்பாடல்கள் கூறவில்லை. நெடுநல்வாடையின் தொடக்கத்தில் கோவலர் வெள்ளத்திற்கு அஞ்சி நிரைகளை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய நிலத்தைப் பிரிந்த வருத்தமும் நடுக்கமும் அவர்க்கு உள்ளன. கைகளை நெருப்பில் காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொள்ளும் அவர்க்குச் சாளரமோ மாடமோ இல்லை. தெருவில் கள்ளுண்டு களித்தவர் தூவலைப் பொருட்படுத்தாது திரிகின்றனர். அரண்மனைக்குள் அரசி துயிலின்றி வருந்துகின்றாள். பாசறையில் அரசன் நள்ளிரவில் வாடைக்காற்றில் விளக்குகள் அசைய, புண்பட்ட வீரரைக் கண்டு வருகின்றான்.

நெடுநல்வாடை என்னும் பெயருக்கு உரையாசிரியர் தரும் விளக்கம் இவ்விடத்தில் பொருந்தும். பிரிந்திருக்கும் அரசிக்கு அவ்வாடை நெடியது. வினைமுடிக்கும் அரசனுக்கு நல்லது. காற்று ஒன்று, பட்டறிவு இரண்டு. கோவலரையும் சேர்த்து எண்ணின் மூன்றாகும். பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து இனிது வாழ்ந்தனர் என்று பொதுவாகக் கூறிச் செல்லும் வழக்கத்தை இப்பாட்டே மறுத்து நிற்கின்றது.

பத்திமரபில் பருவம்

பதினெண்கீழ்க்கணக்கில் மதுரைக் கண்ணங்கூத்தனாரின் கார்நாற்பது நாற்பது வெண்பாவிலும் கார்ப்பருவத்தையே பாடுகின்றது. கார்த்திகை விழாவில் நாட்டவர் ஏற்றிய விளக்குகளைப் பூக்களுக்கு உவமையாக்கி அந்நூல் பருவத்தையும் வழிபாட்டையும் இணைக்கின்றது. ஆண்டாளின் திருப்பாவையில் இவ்விணைப்பு முழுமை பெறுகின்றது. முல்லையின் பொழுது காரும் மாலையும். திருப்பாவையின் பொழுது முன்பனியும் வைகறையும். முல்லையில் ஒருத்தி தனித்திருந்து காத்தாள். முப்பது பாசுரங்களில் மகளிர் பலர் வீடுதோறும் சென்று ஒருவரையொருவர் எழுப்புகின்றனர். ஆனால் விடியலுக்குச் சான்று பழைய வகையினதே: பறவையின் ஒலி, தயிர் கடையும் ஓசை, பனிப்புல் மேயச் சென்ற எருமை. பிச்சியரும்பு செய்த பணியை இங்குத் தயிர்மத்து செய்கின்றது.

இத்தகைய மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடஇந்திய மொழிகளில் பன்னிரு மாதங்களையும் நிரல்படப் பாடும் பாரமாசா மரபு உண்டு. ஜாயசி 1540இல் தொடங்கிய பத்மாவத் காப்பியத்தில் நாகமதியின் பிரிவுத்துயர் ஆடி தொட்டு மாதந்தோறும் பாடப்பெறுகின்றது. அதே வடிவத்தைக் குருநானக், குரு அர்சன் ஆகியோர் இறையன்பின் மொழியாக மாற்றினர். தமிழில் அகப்பொருளின் பருவம் பாவைப்பாட்டாயிற்று. பஞ்சாபியில் பிரிவுப் பாட்டு வழிபாட்டுப் பாட்டாயிற்று. இரண்டிடத்தும் மாதத்தின் சிறு அடையாளங்கள் கைவிடப்படவில்லை என்பதே ஒப்பிடத்தக்க கூறாகும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கொள்ளவேண்டுவதில்லை.

முடிவுரை

தமிழ்ப் பருவமரபு வெறும் வருணனை மரபு அன்று. உணர்வுக்கு அமைந்த குறியீட்டுத் தொகுதி மட்டும் அன்று. அது அன்றாடச் செயல்களின்வழிப் பொழுதை அறிந்த ஒரு வாழ்முறையின் பதிவுமாகும். அம்மரபில் அழகு என்பது பழகிய பொருள்களை உற்றுநோக்கலால் பிறந்தது. அமைதி என்பது துயர் அற்ற நிலையைக் குறிக்கவில்லை. துயரின் நடுவே விளக்கேற்றுதலும் கன்றைத் தேற்றுதலும் மழையொலி கேட்டலுமாக நிகழ்ந்தது. அது அனைவர்க்கும் ஒப்பக் கிடைக்கவில்லை என்பதையும் அப்புலவர்களே மறைக்காது பாடினர்.

பெரும்பொழுது ஆறு என்றும் சிறுபொழுது ஐந்து அல்லது ஆறு என்றும் மாணவர்க்கு மனப்பாடமாகக் கற்பிப்பதோடு இம்மரபு பற்றிய கல்வி நின்றுவிடுதல் போதாது. தட்டில் இட்ட அரும்பு விரிந்ததனைக் கண்டு மாலையை அறிந்தவர் யார், அந்நேரத்தில் மேட்டுநிலத்தில் நனைந்து நின்றவர் யார் என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பும் கல்வியே பொழுதை முதற்பொருளாகக் கொண்ட மரபிற்குத் தகுதியுடையதாகும்.